பழைய பிரவுசரைக் கைவிடாமல் புதியதைப் பழகிப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "சொந்த மடிக்கணினியில் பல வருடமாக குரோம் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். 8 ஜிபி ரேம். இருபது டேப் திறந்தாலே ஃபேன் இரைகிறது, தட்டச்சு செய்தால் எழுத்து தாமதமாக வருகிறது. வேறு பிரவுசருக்கு மாறிப் பார்க்கலாமா? எது நல்லது? பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

தாராளமாகப் பார்க்கலாம். ஒரே கணினியில் நான்கு பிரவுசர்கள் இருந்தாலும் ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குள் நுழையாது. ஒவ்வொன்றும் தன் புக்மார்க், பாஸ்வேர்டு, குக்கி, பார்த்த பக்கங்களின் வரலாறு எல்லாவற்றையும் புரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. புதியதை நிறுவுவதால் பழையதில் ஒரு வரிகூட மாறாது. இறக்குமதி செய்தாலும் நகல்தான் எடுக்கப்படும். பழைய இடத்தில் இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே கலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு சில இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புதியதைத் தேடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். புது பிரவுசர் எதுவானாலும் முதல் நாள் பறக்கும். காரணம் அது சிறந்தது என்பதாகவே இருக்க வேண்டியதில்லை. அதில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இல்லை, வருடக்கணக்கில் சேர்ந்த வரலாறு இல்லை, எல்லா இடத்திலும் அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கிவைத்திருக்கும் தளங்கள் இல்லை. காலி வீட்டில் நடப்பது எப்போதும் சுலபம்தான். ஆகவே ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால், குரோமிலேயே ஒரு புதிய புரொஃபைல் உருவாக்குங்கள். மேலே வலது மூலையில் உங்கள் படம் இருக்கும் வட்டத்தை அழுத்தினால் அந்த வசதி வரும். கணக்கில் உள்நுழையாமல், எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காமல், வழக்கமாகத் திறக்கும் அதே தளங்களோடு அரை நாள் வேலை செய்து பாருங்கள்.

அதில் எழுத்து தட்டியவுடன் வந்து, ஃபேனும் அடங்கியிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான். எழுத்துப்பிழை திருத்துவது, தள்ளுபடிக் கூப்பன் தேடுவது, திரையைப் படம் பிடிப்பது என்று ஏதோ ஒரு நாள் தேவைக்குச் சேர்த்தவை எல்லாம் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்து ஓடிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு தின்கிறது என்று பார்க்க விண்டோஸிலும் லினக்ஸிலும் குரோமைத் திறந்து ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசருக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எடுக்கும் நினைவகமும் சிபியு அளவும் அதில் தனித்தனி வரிகளாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே விசைகள் இதே போன்ற ஒரு பக்கத்தைத் திறக்கும். பத்து நிமிடம் இதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ரேம் பற்றியும் ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைய வேண்டும். குரோம் 2008-இல் வந்தபோதே டேப்புகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்கியது. ஒரு டேப் செத்தாலும் மற்றவை பிழைக்கும் என்பது அதன் பெருமை. 2018-இல் ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு இணையதளத்தையும் தனிச் செயல்முறையில் அடைத்தார்கள். ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்தின் விளம்பரச் சட்டகம் இருந்தால் அதற்கும் தனி அறை. ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதே வழிக்கு வந்தது. அதாவது பிரவுசர் தின்னும் நினைவகத்தில் ஒரு பகுதி உங்கள் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை. பெயரை மாற்றினால் ரேம் பயன்பாடு பாதியாகக் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேம் நிரம்பியிருப்பது மட்டுமே கோளாறும் அல்ல. நிரம்பி வழிந்து, கணினி டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும்போதுதான் எழுத்து தாமதமாக வருவது போன்ற தொல்லைகள் வரும். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் தூங்கும் டேப் என்று, தொடாத டேப்பை நினைவகத்திலிருந்து இறக்கிவைக்கும் வசதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் நினைவகம் குறையும்போது அதைத் தானாகச் செய்யும். குரோமில் அதை இயக்கிப் பார்த்துவிட்டீர்களா?

சரி, இதெல்லாம் செய்தும் போதவில்லை, அல்லது மாறிப் பார்க்கும் ஆசையே இருக்கிறது என்றால், முதலில் பிரவுசர்களின் குடும்பத்தைப் பாருங்கள். பெயர் பலகைகள் நிறைய இருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரம், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரல், மூன்றுதான். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா, ஆர்க் எல்லாம் பிளிங்க் குடும்பம். ஃபயர்ஃபாக்ஸும் அதிலிருந்து பிரிந்த லிப்ரவுல்ஃப், ஜென் போன்றவையும் கெக்கோ குடும்பம். ஆப்பிளின் சஃபாரி வெப்கிட். பூர்வீகம் தேடினால் இன்னும் சுவாரசியம்: லினக்ஸ் உலகத்தின் கேடிஇ குழு எழுதிய கேஎச்டிஎம்எல் என்ற இயந்திரத்திலிருந்து ஆப்பிள் வெப்கிட்டை உருவாக்கியது, 2013-இல் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிளிங்கைப் பிரித்துக்கொண்டது. அதே ஆண்டு ஓப்பரா தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது. மைக்ரோசாஃப்டும் 2020-இல் எட்ஜை இதே அடித்தளத்துக்கு மாற்றிவிட்டது.

இதனால் உங்களுக்கு என்ன? குரோமிலிருந்து எட்ஜுக்கோ பிரேவுக்கோ போனால் பக்கங்கள் தெரியும் விதம் ஏறக்குறைய மாறாது, எக்ஸ்டென்ஷன்களும் பெரும்பாலும் அப்படியே ஓடும். மாறுவது மேல்தோற்றமும் நிறுவனமும் இயல்பு அமைப்புகளும்தான். உண்மையிலேயே வேறொன்றைப் பார்க்க வேண்டுமென்றால், விண்டோஸிலும் லினக்ஸிலும் நடைமுறையில் ஃபயர்ஃபாக்ஸ் குடும்பம்தான். மேக்கில் சஃபாரியும் சேரும். லேடிபேர்ட், சர்வோ என்று முற்றிலும் புதிய இயந்திரங்களை எழுதும் முயற்சிகள் நடக்கின்றன. எனக்கு அவை மேல் நிறைய மதிப்பு உண்டு, ஆனால் இன்று தினசரி வேலைக்கு அவற்றை நம்பி இறங்க முடியாது.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் கைகாட்டுவது ஃபயர்ஃபாக்ஸை, அதோடு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் எக்ஸ்டென்ஷன் ஒன்றை மட்டும். காரணம் சொல்கிறேன். பழைய மடிக்கணினியை மூச்சுவாங்க வைப்பது பெரும்பாலும் பக்கத்தின் கட்டுரையல்ல, அதைச் சுற்றி ஓடும் விளம்பரமும் உங்களைப் பின்தொடரும் நிரல்களும்தான். அவை இறங்காமலே தடுத்தால் நினைவகமும் மிச்சம், பேட்டரியும் மிச்சம். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையை குரோம் மாற்றியதால் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் 2025-இல் அங்கே நின்றுபோனது, லைட் என்ற சுருங்கிய வடிவம்தான் ஓடுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் ஓடுகிறது. தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் தகராறு செய்தால் அடுத்து பிரேவைப் பாருங்கள், அதில் தடுப்பான் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் என்றால் எட்ஜ் ஏற்கெனவே கணினியில் இருக்கும், நிறுவும் வேலைகூட இல்லை. டேப்புகளை அடுக்கி, பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு விசையையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு விவால்டி மாதிரி இன்னொன்று இல்லை. ஆனால் 8 ஜிபி கணினிக்கு அது முதல் தேர்வு ஆகாது என்பது என் கருத்து.

பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு அழகான புது பிரவுசர் கண்ணில் பட்டால், தோற்றத்தைப் பார்க்கும் முன் அப்டேட்டைப் பாருங்கள். இது வேகத்தைவிட, ரேமைவிட, எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் மின்னஞ்சல், வங்கி, அலுவலகம் எல்லாவற்றின் சாவிக்கொத்தும் பிரவுசரில்தான் தொங்குகிறது. பிளிங்க் இயந்திரத்தில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், அடைத்த விதம் திறந்த மூலநிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தத்தைத் தன் பிரவுசரில் சேர்க்க ஒரு சிறிய குழு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால், அந்த மூன்று வாரமும் உங்கள் கதவு திறந்தே கிடக்கிறது. நானே ஒரு சிறிய குழுவின் பிரவுசரை மிகவும் விரும்பிப் பயன்படுத்தினேன். டேப் அமைப்பு அத்தனை அழகு. நான்கு மாதமாக அப்டேட்டே வரவில்லை என்பதை, ஒரு தளம் "உங்கள் பிரவுசர் பழையது" என்று மறித்தபோதுதான் கவனித்தேன். அந்த நான்கு மாதமும் அதே பிரவுசரில்தான் பணப் பரிவர்த்தனை செய்திருக்கிறேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இதைத்தான் முதலில் பார்க்கிறேன். பிளிங்க் குடும்பத்து பிரவுசர் என்றால் அதன் அறிமுகப் பக்கத்தில் குரோமியம் (இந்தக் குடும்பத்து பிரவுசர்களின் பொது அடித்தளம்) பதிப்பு எண் இருக்கும். அன்றைய குரோமின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு, மூன்று எண் பின்தங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்றும் பாருங்கள். கூகுளின் வருமானம் முக்கியமாக விளம்பரம். ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவுக்குப் பெரும்பகுதி பணம் கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கிடைப்பது. பிரேவ் தனக்கென்று விளம்பர வலையமைப்பு நடத்துகிறது. இவற்றில் எதையும் நான் பாவம் என்று சொல்லவில்லை. வருமான வழி தெரிந்திருந்தால் எந்த அமைப்பை அணைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். எப்படிப் பிழைக்கிறது என்றே தெரியாத இலவச பிரவுசரில்தான் எனக்குத் தயக்கம்.

நிறுவும்போது இரண்டே எச்சரிக்கைகள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தி இறக்காதீர்கள். பிரபல மென்பொருள்களின் பெயரில் போலிப் பக்கம் வைத்து அதன் வழியாகத் தீம்பொருள் பரப்புவது நடந்துகொண்டே இருக்கிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது இயங்குதளத்தின் மென்பொருள் கடையிலிருந்து எடுங்கள். இரண்டாவது, முதல் திரையில் "இயல்பான பிரவுசராக ஆக்கு", "எல்லாவற்றையும் இறக்குமதி செய்", "கணக்கில் உள்நுழை" என்று மூன்று அழைப்புகள் வரிசையாக வரும். மூன்றையும் இப்போதைக்குத் தவிருங்கள்.

ஏன் என்றால், முதல் வாரத்துக்குப் புக்மார்க் மட்டும் போதும். குரோமின் புக்மார்க் மேலாளரில் ஏற்றுமதி கொடுத்தால் ஓர் எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும், எந்த பிரவுசரும் அதை ஏற்கும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கும். 1994-இல் வந்து, 2008-இல் ஆதரவே நிறுத்தப்பட்ட பிரவுசர் அது. அது வகுத்த வடிவம்தான் இன்றும் ஒரு பிரவுசரிலிருந்து இன்னொன்றுக்கு நம்மை அழைத்துப்போகிறது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். எல்லாவற்றையும் கொண்டுபோனால், சாவிக்கொத்துக்கு இன்னொரு முழு நகல் உண்டாகிறது. பிடிக்காமல் போய் அந்த பிரவுசரை மறந்தாலும் நகல் அங்கேயே இருக்கும். ஆகவே சோதனைக் காலத்தில் தினமும் தேவைப்படும் பத்துத் தளங்களில் மட்டும் கையால் உள்நுழையுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் நீங்கள் ஒரு புதிய சாதனத்திலிருந்து வருவதாகத்தான் தெரியும், ஆகவே ஒருமுறைக் குறியீடு கேட்கும். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்கிலும் ஒரே இரவில் உள்நுழைய வேண்டாம். அவசர வேலை இருக்கும் நாளில் முதல் தடவையாக வங்கித் தளத்தைப் புது பிரவுசரில் திறக்கவும் வேண்டாம்.

பிடித்துப்போய் மொத்தமாகக் கொண்டுபோக முடிவு செய்தால், நேரடி இறக்குமதியில் பாஸ்வேர்டு வராமல் போகலாம், ஏனென்றால் விண்டோஸில் குரோம் தன் தரவை முன்பைவிட இறுக்கமாகப் பூட்டிவைக்கிறது. அப்போது சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யச் சொல்வார்கள். அந்தக் கோப்பில் பூட்டு என்பதே கிடையாது. திறந்தால் தளத்தின் முகவரி, பயனர்பெயர், பாஸ்வேர்டு மூன்றும் வரிசையாக வெறும் எழுத்தாக இருக்கும். நான் ஒருமுறை அதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். அந்த ஃபோல்டர் இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்திசைந்துகொண்டிருந்தது. சில மாதம் கழித்து வேறு ஏதோ தேடும்போது அங்கே, குப்பைக்கூடைக்குள், அந்தக் கோப்பு முழுசாக இருந்தது. அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து முக்கியமான பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது. ஒத்திசைவு இல்லாத ஃபோல்டரில் சேமித்து, உடனே இறக்குமதி செய்து, இரண்டு மூன்று தளங்களில் சரிபார்த்து, ஷிஃப்டோடு டெலீட் அழுத்தி நிரந்தரமாக அழியுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்தக் கோப்பு உயிரோடு இருக்கக் கூடாது.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகை, பின் போன்றவற்றால் உள்நுழைய வைக்கும் சாவி) வைத்திருந்தால் அது அந்தச் சிஎஸ்வியில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கூகுள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ விண்டோஸ் ஹலோவிலோ, எங்கே சேமித்தீர்களோ அங்கேயேதான் இருக்கும். தேவைப்பட்டால் தளத்துக்குள் போய்ப் புதிதாக இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளலாம். இன்னும் நல்ல வழி, பாஸ்வேர்டுகளைப் பிரவுசரிலிருந்தே பிரித்து, பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி போன்ற தனி மேலாளரில் வைப்பது. அதைச் செய்துவிட்டால் இனி எத்தனை பிரவுசரை முயன்றாலும் சாவிக்கொத்து இடம் மாறாது.

ஒத்திசைவு, அதாவது ஒரே கணக்கின் வழியாக எல்லாச் சாதனத்திலும் புக்மார்க், பாஸ்வேர்டு ஒன்றாக இருப்பது பற்றி ஒரு வார்த்தை. பிளிங்க் குடும்பம்தானே, கூகுள் கணக்கில் நுழைந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்; குரோமின் ஒத்திசைவுச் சேவையை 2021-லிருந்து கூகுள் மற்ற குரோமியம் பிரவுசர்களுக்குத் தருவதில்லை. எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு, ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லா கணக்கு என்று தனித்தனி. ஒத்திசைவைக் காப்புநகல் என்றும் எண்ண வேண்டாம். ஒரு சாதனத்தில் தவறி அழித்தால் எல்லாச் சாதனத்திலும் அழியும்.

இனி பழகிப் பார்ப்பது. குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். முதல் மூன்று நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், ஏனென்றால் கை பழைய இடத்தில் பொத்தானைத் தேடும். அந்த எரிச்சலை பிரவுசரின் குறை என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். முக்கியமான விசைகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: புது டேப்புக்கு கண்ட்ரோலும் டி-யும், முகவரிப் பட்டைக்கு கண்ட்ரோலும் எல்-லும், மூடிய டேப்பைத் திரும்ப எடுக்க கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். விசைகளாலேயே ஓட்டினால் பழக்கம் சீக்கிரம் வரும். இரண்டாவது வாரத்தில் இயல்பான பிரவுசராக மாற்றுங்கள். அதுவரை மின்னஞ்சலில் அழுத்தும் இணைப்பெல்லாம் பழையதிலேயே திறந்து உங்களைத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

வேகத்தை அளக்க ஆசையாக இருந்தால் ஸ்பீடோமீட்டர் 3 என்ற சோதனைப் பக்கம் இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மொசில்லா எல்லாம் சேர்ந்து உருவாக்கி 2024-இல் வெளியிட்டது. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், போதும். அதில் தெரியும் சிறு வித்தியாசம் கையில் உணரும் அளவுக்கு இருக்காது. உண்மையான சோதனை உங்கள் வேலைதான்: திரையைப் பகிர்ந்து ஒரு காணொளிக் கூட்டம், நீண்ட படிவம் ஒன்றை நிரப்புவது, ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குவது, மூடியை மூடித் திறந்தபின் டேப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது. ஒரே வகையான வேலையை ஒரு நாள் பழையதிலும் மறுநாள் புதியதிலும் பேட்டரியில் செய்து, திரை வெளிச்சத்தையும் ஒரே அளவில் வைத்து, எவ்வளவு நேரம் தாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காணொளி பார்க்கும்போது ஃபேன் இரைந்தால் அதற்குத் தனிக் காரணம் இருக்கலாம். யூடியூப் இப்போது பல காணொளிகளை ஏவி1 என்ற வடிவத்தில் அனுப்புகிறது. இன்டெல் சில்லுகளில் 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை முதல்தான் அதைப் பிரிக்கும் வன்பொருள் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் சிபியுவே முட்டிமோதிப் பிரிக்க வேண்டியிருக்கும். யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1 விருப்பத்தைக் குறைத்துப் பாருங்கள். பிரவுசரை மாற்றிக் கிடைக்காத நிம்மதி இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கக்கூடும்.

தமிழில் படிப்பவர், எழுதுபவர் என்றால் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் பழைய கொடுமை அநேகமாக இல்லை. வித்தியாசம் எழுத்துரு தேர்வில் வரும். ஃபயர்ஃபாக்ஸின் எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் வைக்க முடிகிறது. ஆங்கில எழுத்து அளவாகத் தெரியும் இடத்தில் தமிழ் பொடிப்பொடியாகத் தெரிகிறது என்ற தொல்லைக்கு அதுதான் மருந்து. பட்டி, செட்டிங்ஸ் எல்லாவற்றையும்கூட அதில் தமிழில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டும் வசதியில் எட்ஜ் முன்னால் நிற்கிறது. அதன் தமிழ்க் குரல்களுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று பெயர். கண் களைத்த நேரத்தில் நீண்ட கட்டுரையை அதில் கேட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். கூடவே, நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டச்சு செய்து, நடுவில் பேக்ஸ்பேஸ் அழுத்தி, உயிர்மெய் எப்படி அழிகிறது என்று கவனியுங்கள். தினமும் எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்காவது "இந்த பிரவுசரை ஆதரிக்கவில்லை" என்று தளம் மறித்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல தளங்கள் பிரவுசர் அனுப்பும் பெயர்ச் சரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன, அந்தச் சரமோ பெரிய குழப்பம். இன்றைய குரோம்கூட தன்னை முதலில் மொசில்லா என்றும், பிறகு ஆப்பிள்வெப்கிட் என்றும், கெக்கோ போன்றது என்றும், இறுதியில் சஃபாரி என்றும் சொல்லிக்கொள்கிறது. ஒவ்வொரு காலத்திலும் புதிதாக வந்த பிரவுசர் முந்தையவற்றின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்தது, அதன் தழும்புகள் இவை. அப்படி மறிக்கும் ஓரிரு தளங்களுக்குப் பழைய பிரவுசரையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரவுசர் வைத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை. வங்கிக்கும் அரசுப் படிவங்களுக்கும் எக்ஸ்டென்ஷனே இல்லாத ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று என்று பிரித்துக்கொள்வதை நான் நல்ல பழக்கமாகவே பரிந்துரைப்பேன்.

இப்போது புது பிரவுசர் என்றாலே செயற்கை நுண்ணறிவு சேர்ந்ததாக வருகிறது. 2025-இல் பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட், ஓப்பன்ஏஐயின் அட்லஸ் இரண்டும் வந்தன. பக்கத்தைச் சுருக்கித் தருவதோடு நிற்காமல், உங்களுக்குப் பதில் தானே பொத்தானை அழுத்தி வேலை முடிக்கும். அதில்தான் எனக்குக் கவலை. பக்கத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து எழுதிய ஒரு வாக்கியத்தை அந்த உதவியாளர் நீங்கள் இட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் உள்நுழைந்து வைத்திருக்கும் மின்னஞ்சலும் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இது கற்பனை இல்லை, ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆசைப்பட்டால் தனியாக நிறுவி, முக்கியமான எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் பாருங்கள். உங்கள் 8 ஜிபி கணினியின் தாமதத்துக்கு அது தீர்வும் அல்ல.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால் வெறுமனே அன்இன்ஸ்டால் அழுத்தி விட்டுவிடாதீர்கள். முதலில் அதற்குள் போய், உள்நுழைந்த தளங்களில் வெளியேறுங்கள், ஒத்திசைவுக் கணக்கு தொடங்கியிருந்தால் அதையும் நீக்குங்கள். அன்இன்ஸ்டால் செய்யும்போது "தரவையும் அழி" என்ற சிறு கட்டம் வந்தால் டிக் செய்யுங்கள். சிலவற்றில் அது வராது, புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே தங்கிவிடும், தேடிப் பிடித்துத்தான் அழிக்க வேண்டும். கடைசியாக, கைப்பேசியிலிருந்து உங்கள் மின்னஞ்சல் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த பிரவுசரின் பெயர் இன்னும் இருந்தால் அங்கிருந்தும் வெளியேற்றுங்கள். பிடித்துவிட்டது என்றாலும் பழையதை ஒரு மாதம் வைத்திருங்கள். எப்போதோ ஒருமுறை மட்டும் போகும் தளத்தின் பாஸ்வேர்டு அதில்தான் இருக்கும்.